வேலையிடத்தில் தெளிவாகக் கதைக்கவும் எழுதவும்: மட்டக்களப்பு, அம்பாறையில் வேலை செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நேர்முகப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "இங்கிலீஷ் கதைக்க எப்படிப் பழகுறது?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் மட்டக்களப்பு நகரத்து அலுவலகங்களையும் கல்முனைக் கடைத்தெருவையும் பாசிக்குடா ஹோட்டல்களையும் பார்த்த அளவில், வேலை கெட்டுப்போவது ஆங்கிலம் தெரியாததால் மட்டும் இல்லை. தமிழிலேயே கதைக்கும்போதும் எழுதும்போதும், எதிரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறோம். சில நேரம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். முகத்துக்கு நேரே கேட்பது மரியாதைக் குறைவு என்று சின்ன வயதிலேயே பழக்கப்பட்டுவிட்டதுதான் காரணம். அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். வேலையிடத்தில் சொல்லும் வரிசையை மாற்றினால் போதும்.

முதல் படி: வாய் திறக்கும் முன் ஒரு வரி

போன் எடுப்பதாக இருந்தாலும், கடிதம் எழுதுவதாக இருந்தாலும், முகாமையாளரின் அறைக்குள் போவதாக இருந்தாலும் ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு வரி எழுதுங்கள்: யார், எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும்? "கணக்காளர், ஏப்ரல் மாதப் பயணப்படியை, வெள்ளிக்கிழமைக்குள் அனுமதிக்க வேண்டும்." அவ்வளவுதான். இந்த வரியை எழுத முடியவில்லை என்றால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. அந்த நிலையில் போன் எடுத்தால் பத்து நிமிடம் கதைத்துவிட்டு, "சரி, பிறகு பாப்பம்" என்று வைக்க வேண்டியதுதான்.

இந்த ஒற்றை வரிதான் கீழே வரும் எல்லாவற்றுக்கும் அத்திவாரம்.

இரண்டாம் படி: கேட்டதைத் திருப்பிச் சொல்வது

மேலதிகாரி ஒரு வேலையைச் சொல்லும்போது நாம் "ஓம் சேர், ஓம் சேர்" என்று தலையாட்டுகிறோம். அவர் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறார். நாமோ காதில் விழுந்ததைத்தான் தெரிவித்தோம். இரண்டு நாள் கழித்துச் சண்டை வரும் இடம் இதுதான்.

அவர் சொல்லி முடித்ததும் உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்ப சேர், வாகரை, கிரான் ரெண்டு பிரிவுகளின்ர பட்டியலும் திங்கட்கிழமை காலையில உங்கட மேசையில இருக்கவேணும். வாழைச்சேனை இப்ப தேவையில்ல. சரிதானே?" தவறு இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். இப்படிக் கேட்பதால் மந்தமானவர் என்று நினைப்பார்கள் என்ற பயம் வேண்டாம். வேலையைப் பாரமெடுக்கும் ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

இதில் நேரமும் அளவும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. "பின்னேரம் வாங்க" என்றால் சிலருக்கு மூன்று மணி, சிலருக்கு ஆறு மணி. "அடுத்த கிழமை" என்பதும் அப்படித்தான். கிழமை, திகதி, மணி மூன்றையும் சொல்லுங்கள். நெல் வியாபாரம் என்றால் மூட்டைக் கணக்கோடு நிறுத்தாதீர்கள். மூட்டை எத்தனை கிலோ என்பது ஆளுக்கு ஆள் மாறும். கொழும்பில் இருந்து வாங்குபவருக்குக் கிலோவில் எழுதிக் கொடுத்தால் பிறகு லொறியடியில் நின்று வாக்குவாதப்பட வேண்டியதில்லை. "ஒன்றரை லட்சம்" என்று வாயால் சொன்னதை எழுத்தில் ரூ. 150,000 என்று எழுதி உறுதிப்படுத்துங்கள்.

மூன்றாம் படி: யாரை எப்படிக் கூப்பிடுவது

நமது அலுவலகங்களில் "சேர்", "மிஸ்", "மெடம்" என்பவை பெரும்பாலும் போதும். கல்யாணமாகி, பேரப்பிள்ளை கண்ட உத்தியோகத்தரையும் "மிஸ்" என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். யாரும் குறை நினைப்பதில்லை. வயதில் இளையவர் உங்களுக்கு மேலதிகாரியாக வந்தால் "தம்பி", "தங்கச்சி" என்று வெளியாட்கள் முன்னால் கூப்பிடாதீர்கள், வீட்டில் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சரி. கீழே வேலை செய்பவரையும் "நீங்க" என்றே கதையுங்கள். சாரதியையும் அலுவலக உதவியாளரையும் "நீ" என்று கூப்பிடும் இடத்தில் மற்றப் பயிற்சி எதுவும் எடுபடாது என்பது என் எண்ணம்.

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் கடைக்காரரோடு வியாபாரம் என்றால் "காக்கா", "நானா" என்று கூப்பிடுவது உறவை இலகுவாக்கும். முதல் சந்திப்பிலும் கடிதத்திலும் "ஹாஜியார்" என்றோ பதவிப் பெயரிலோ தொடங்குவது பாதுகாப்பானது. ஆண்கள் முஸ்லிம் பெண் உத்தியோகத்தருக்குக் கைகொடுக்க முந்த வேண்டாம். நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொன்னால் அழகாக முடியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில், அதாவது பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், கூட்டமோ போனோ வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் கூட்டங்களைக் காலைக்கு மாற்றுங்கள். அதுபோல, ராகு காலம் பார்த்துக் காசோலை கொடுக்காத முதலாளியிடம் அதே நேரத்தில் போய்க் காசு கேட்டு நிற்பதும் வீண். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், காசு அவருடையது.

நான்காம் படி: போன்

வழக்கமாக நடப்பது இப்படி:

"ஹலோ சேர், எப்படி சேர் சுகமா? அங்க மழையா? இங்க ஒரே வெள்ளம் சேர்… இல்ல சேர், போன கிழமை ஒரு விஷயம் கதைச்சம்தானே, அது என்ன மாதிரி?"

மறுமுனையில் இருப்பவருக்கு யார் கதைக்கிறார் என்பதே இன்னும் தெரியாது. இதை இப்படி மாற்றலாம்:

"வணக்கம் சேர். நான் கல்முனைக் கிளையிலிருந்து இன்னார் கதைக்கிறன். ரெண்டு நிமிஷம் கதைக்கலாமா? 4ஆம் திகதி அனுப்பின கொட்டேஷனுக்கு உங்கட முடிவு தெரியவேணும். நாளைக்குப் பகல் 12 மணிக்குள்ள சொன்னா சாமானை வியாழக்கிழமை ஏத்தலாம்."

சுகம் விசாரிப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. விட்டால் நம் ஊரில் கடுகடுப்பான ஆள் என்று பெயர் வரும். பெயர், இடம், விடயம் மூன்றையும் சொன்ன பிறகு விசாரியுங்கள், அவரும் நிம்மதியாகப் பதில் சொல்வார். வாடிக்கையாளருக்கும் அதிகாரிக்கும் மிஸ்கோல் கொடுக்கவே கூடாது. கதைத்து முடித்ததும் முடிவை இரண்டு வரியில் வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வட்ஸ்அப்

இன்று வேலையின் பாதி இதில்தான் ஓடுகிறது. மூன்று நிமிடக் குரல் பதிவை மேலதிகாரிக்கு அனுப்பாதீர்கள். அவர் கூட்டத்தில் இருப்பார், கேட்க முடியாது. பிறகு தேடினாலும் எந்த இடத்தில் திகதி சொன்னீர்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. தட்டச்சு செய்ய முடியாத நிலை என்றால் முப்பது விநாடிக்குள் பேசி, முக்கியமான இலக்கங்களைக் கீழே எழுதிவிடுங்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது நண்பர்களுக்குள் சரி. விலை, பெயர், முகவரி, திகதி உள்ள செய்திக்கு அது ஆபத்து. தமிழ் விசைப்பலகை எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. அலுவலகக் குழுவில் காலை வணக்கப் படமும் பூவும் போடுவதை நிறுத்துங்கள். அதற்குள் சுற்றறிக்கை புதைந்துபோகும். ஆவணத்தைப் படமெடுத்து அனுப்பும்போது உங்கள் கையின் நிழலும் மேசை விரிப்பும் விழாமல், ஸ்கேன் செய்யும் செயலியில் எடுத்துப் பீ.டி.எஃப். ஆக அனுப்புங்கள்.

ஆறாம் படி: கடிதம்

கச்சேரியோ பிரதேச செயலகமோ மாநகர சபையோ, அரசாங்க அலுவலகம் இன்னும் கடிதத்தில்தான் இயங்குகிறது. வாயால் எவ்வளவு இனிமையாகக் கதைத்தாலும் கோப்பில் போட ஒரு தாள் வேண்டும். ஆகவே இந்தப் படியில் கொஞ்சம் நிற்போம்.

நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்த பாணி இது: "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில்…" இந்த வரி முடிவதற்குள் வாசிப்பவர் அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பார். கல்லடிக் கடற்கரையில் கைத்தறிக் கண்காட்சி ஒன்று வைக்க மாநகர சபையிடம் அனுமதி கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதிப் பாருங்கள்:

*மாநகர ஆணையாளர்,*
*மாநகர சபை,*
*மட்டக்களப்பு.*

*ஐயா/அம்மணி,*

*கல்லடிக் கடற்கரையில் கைத்தறிக் கண்காட்சி நடத்த அனுமதி கோரல்*

*எதிர்வரும் மார்ச் 14, 15ஆம் திகதிகளில் காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை, கல்லடிக் கடற்கரையில் 12 விற்பனைக் கூடங்களுடன் கைத்தறிக் கண்காட்சி ஒன்றை நடத்த அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.*

*மருதமுனை நெசவாளர்களின் சாரம், சேலை ஆகியவை விற்கப்படும். ஒலிபெருக்கி பயன்படுத்தமாட்டோம். இரண்டு நாளும் இரவு 9 மணிக்குள் குப்பைகளை அகற்றி இடத்தை ஒப்படைப்போம்.*

*கட்டணம் எவ்வளவு என்பதையும் பெப்ரவரி 20ஆம் திகதிக்குள் அறியத்தந்தால் ஏற்பாடுகளைத் தொடங்க வசதியாக இருக்கும். இடத்தின் வரைபடமும் வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன.*

*இங்ஙனம்,*
*உண்மையுள்ள,*

முதல் பந்தியிலேயே கோரிக்கை முடிந்துவிட்டது. இரண்டாம் பந்தி, அதிகாரி மனதில் எழக்கூடிய கேள்விகளுக்கு அவர் கேட்கும் முன்பே பதில் சொல்கிறது. மூன்றாவதில் திகதி இருக்கிறது. மரியாதை எங்கேயும் குறையவில்லை.

அரச கடிதத்தின் தலையில் "எனது இல.", "உமது இல." என்று இரண்டு இடம் இருக்கும். அவர்கள் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் "எனது இல." என்று போட்டிருப்பதை, நீங்கள் பதில் எழுதும்போது "உமது இல." என்ற இடத்தில் அப்படியே எழுதுங்கள். அந்த இலக்கத்தை வைத்துத்தான் எழுதுவினைஞர் கோப்பைத் தேடுவார். அது இல்லாத கடிதம் புதுக் கடிதமாகப் பதியப்பட்டு வேறு மேசைக்குப் போகக்கூடும். கையில் கொடுப்பதானால் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால்.

பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்துப் பழைய கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். அதற்கும் அசைவில்லை, என்ன நடந்தது என்றாவது தெரிய வேண்டும் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பித்தால், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் இதே விதிதான்: "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் ஒரு பக்கக் கதையாக வரும். "இன்ன திகதிக் கடிதம் இப்போது எந்தப் பிரிவில் உள்ளது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி வேண்டும்" என்று கேட்டால் வேண்டியது கிடைக்கும்.

ஏழாம் படி: மின்னஞ்சல், கொஞ்சம் ஆங்கிலம்

மருதமுனையில் நெய்த சாரத்தைக் கொழும்புக் கடைக்கு விற்பவரும், அறுகம்பையில் அறை வாடகைக்கு விடுபவரும் ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டும். அதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. குட்டி வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரு விடயம். "கைன்ட்லி டூ த நீட்ஃபுல்" (தயவுசெய்து வேண்டியதைச் செய்யுங்கள்) என்று முடிக்கும் பழக்கத்தை விடுங்கள். செய்ய வேண்டியது என்ன என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

விலை அனுப்பும் மின்னஞ்சலில் ஆறு விடயம் இருக்க வேண்டும்: பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, போக்குவரத்துச் செலவு யாருடையது, எத்தனை நாளில் கிடைக்கும், இந்த விலை எந்தத் திகதி வரை செல்லும். முற்பணம் வேண்டுமானால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். தலைப்பு வரியில் "ஹலோ" என்று போடாமல், பொருளையும் எண்ணிக்கையையும் போடுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்றால் நமக்கு ஜூன் 5, அமெரிக்க விருந்தாளிக்கு மே 6. அறை பதிவு செய்யும் இடத்தில் இது சின்னக் குழப்பம் இல்லை. விளையாட்டுப் பெயரில் திறந்த பழைய மின்னஞ்சல் முகவரி இருந்தால், சுயவிபரக் கோவை அனுப்பும் முன் சொந்தப் பெயரில் ஒன்று திறந்துவிடுங்கள்.

எட்டாம் படி: சிங்களம்

அம்பாறை மாவட்டத்தில் கரையோரத்தில் இருப்பவர்கள் மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டும் என்றால் அம்பாறை நகரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கருமபீடத்தில் பெரும்பாலும் சிங்களம்தான் காதில் விழும். பயந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போகிறோம், அவர் நம் கதையைத் தன் பாணியில் சொல்லிவிடுகிறார்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி. மற்ற மாகாணத்து அலுவலகத்துக்கும் நீங்கள் தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமை இருக்கிறது. ஆகவே கடிதத்தைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். உரிமை இருக்கிறது என்று கருமபீடத்தில் சண்டை பிடிப்பதால் மட்டும் அன்றைய வேலை முடியாது. அதனால் நாலு வரி சிங்களமும் வைத்திருங்கள்.

"மட்ட சிங்ஹல டிகக் விதரய் புளுவன்" என்றால், எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் முடியும். "ஹெமின் கியன்ன" என்றால், மெதுவாகச் சொல்லுங்கள். "ஆயெத் கியன்ன" என்றால், திரும்பச் சொல்லுங்கள். முதல் வரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். பாதித் தமிழில் அவரே கதைக்கத் தொடங்குவார். தொடர்ந்து படிக்க விரும்பினால் அரச கரும மொழிகள் திணைக்களம் நடத்தும் மொழிப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாகலாம். அரசாங்க வேலைக்குப் போகிறவருக்கு எப்படியும் அது தேவைப்படும்.

போகும் முன் போன் எடுத்து, மக்களைச் சந்திக்கும் நாள் எது, உங்கள் வேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அன்று இருப்பாரா என்று கேளுங்கள். பொத்துவிலிலிருந்து வந்து வெறுங்கையோடு திரும்புவது லேசான காரியம் இல்லை.

ஒன்பதாம் படி: கூட்டம்

நம் கூட்டங்களில் நேரத்தைத் தின்பது மேடை விளிப்பு. பேச வரும் ஒவ்வொருவரும் தலைவர் முதல் கடைசி விருந்தினர் வரை திரும்பவும் பெயர் சொல்லி வணங்குகிறார்கள். முதல் பேச்சாளர் செய்தால் போதும். நீங்கள் மூன்றாவது ஆளாக எழுந்தால் "சபையோருக்கு வணக்கம்" என்று சொல்லி நேரே விடயத்துக்கு வாருங்கள். கோபிக்கக்கூடியவர் என்று ஒருவர் இருந்தால் அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

மேலதிகாரி சொன்னதில் பிழை இருக்கிறது. சபையில் எப்படிச் சொல்வது? முடிந்தால் கூட்டத்துக்கு முன் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பிழையைச் சுட்டாமல் தகவலை வையுங்கள்: "சேர் சொன்னதோட ஒரு விஷயம் சேர்க்கவேணும். டிசம்பரில அந்த ரோட்டில தண்ணி நிக்கும், லொறி போகாது. ஜனவரிக் கடைசிக்கு மாத்தினா என்ன?" முடிவு எடுப்பதை அவரிடமே விட்டுவிட்டீர்கள், சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டீர்கள்.

கிராமத்தில் கூட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு சொல். முன்வரிசையில் ஆண்கள், பின்னால் பெண்கள் என்று அமர்ந்தால் "யாருக்காவது கருத்து இருக்கா?" என்ற பொதுக் கேள்விக்கு முன்வரிசைதான் பதில் சொல்லும். பெண்களிடம் நேரடியாகவும் முதலாவதாகவும் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பற்றியோ கடன் தவணையைப் பற்றியோ அவர்களுக்குத்தான் சரியான கணக்கு தெரியும்.

கூட்டக் குறிப்பில் யார் என்ன பேசினார் என்பதை நீட்டாமல், முடிவு, பொறுப்பானவர், திகதி என்று மூன்று நிரல் போட்டு அன்றைக்கே அனுப்புங்கள்.

பத்தாம் படி: கெட்ட செய்தி

மாரி காலத்தில் வெள்ளம் வந்து கொழும்பிலிருந்து வரும் லொறி நடுவழியில் நிற்கிறது. வாடிக்கையாளர் போன் எடுக்கிறார். "நாளைக்கு வரும்" என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அவர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மூன்று "நாளைக்கு" ஆனதும் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

தெரிந்த உடனே, அவர் கேட்கும் முன்பே நீங்கள் போன் எடுங்கள். நடந்ததை ஒரு வரியில் சொல்லுங்கள், அவருக்கு என்ன பாதிப்பு என்பதை அடுத்த வரியில், உங்களால் என்ன செய்ய முடியும் என்பதை மூன்றாவதில். "ரோட்டில தண்ணி, லொறி நிக்குது. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் சாமான் வராது. கையில இருக்கிற பத்துப் பெட்டிய இண்டைக்கே அனுப்புறன், மிச்சத்துக்கு முற்பணம் திரும்ப வேணுமெண்டா தாறன். நாளைக்குப் பகல் 12 மணிக்கு நிலைமை என்னெண்டு நானே எடுத்துச் சொல்றன்." சொன்ன நேரத்துக்குப் புதிய தகவல் ஒன்றும் இல்லாவிட்டாலும் எடுத்து, இல்லை என்று சொல்லுங்கள்.

கடன் கேட்பவருக்கு, தள்ளுபடி கேட்பவருக்கு, சொந்தக்காரப் பிள்ளைக்கு வேலை கேட்பவருக்கு இல்லை என்று சொல்வதும் இதே வகைதான். "பாப்பம்" என்று இழுத்தால் அவர் நம்பிக்கையோடு நாலு தரம் அலைவார். முடியாது என்பதை முதல் நாளே, தாழ்ந்த குரலில், தனியாக வைத்துச் சொல்லுங்கள்.

பழகும் முறை

எல்லாப் படியையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயல வேண்டாம். முதல் இரண்டு கிழமை துண்டுக் கடதாசி வரியையும் திருப்பிச் சொல்வதையும் மட்டும் செய்யுங்கள். பிறகு வாரம் ஒரு கடிதம், பழைய கடிதம் ஒன்றை எடுத்துக் கோரிக்கையை முதல் பந்திக்கு மாற்றி எழுதுங்கள். சிங்களமோ ஆங்கிலமோ, எது உங்கள் வேலைக்கு முந்தித் தேவையோ அதை மட்டும் எடுங்கள்.

பேச்சுக்கு நல்ல ஆசிரியர் உங்கள் கைபேசிதான். நாளை கூட்டத்தில் சொல்லப்போவதை இரண்டு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். முதல் தரம் உங்கள் குரலே பிடிக்காது, எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டாம் தரம் "வந்து", "என்னெண்டா", "அதாவது" எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றாம் தரம், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று பாருங்கள். அது முப்பதைத் தாண்டினால் அழித்துவிட்டு, அந்த வரியை முன்னுக்கு வைத்துத் திரும்பப் பதிவு செய்யுங்கள்.